தேர் எந்தத் தெருவில் திரும்புகிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தை மாதம் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா தேருக்குப் போயிருந்தேன். கூட வந்த நண்பன் இந்து. தேர், மொட்டை, தொட்டில், புடவை கட்டிய மாதா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "எங்க அம்மன் கோயில் மாதிரியே இருக்குடா" என்று சிரித்தான். எனக்குக் கூச்சமாகிவிட்டது. இதெல்லாம் கிறிஸ்தவம்தானா? இந்தக் கோயிலைக் கட்டிய வீரமாமுனிவர் ஆள் சேர்க்கச் செய்த தந்திரமா? எங்கள் ஊரிலும் மே மாதம் திருவிழா வருகிறது. தேரையெல்லாம் விட்டுவிட்டு ஜெபத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன? ஒலிபெருக்கி வேறு காதைக் கிழிக்கிறது.

நெய்வேலியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஒலிபெருக்கி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள். தந்திரம் என்கிற பேச்சை மட்டும் விடுங்கள். பிள்ளையில்லாத முகாசாபரூர் கச்சிராயருக்கு வரம் தந்தவள் என்று சொல்லித்தான் அந்த மாதாவிடம் இன்றைக்கும் பெண்கள் தொட்டில் கட்டி அழுகிறார்கள். அவர்களை யாரும் ஏமாற்றிக் கூட்டி வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கூச்சத்தைப் படித்துத்தான். கூட வந்தவனுக்கு நம் திருவிழா சொந்த ஊர்த் திருவிழா போல இருந்திருக்கிறது. பக்கத்தில் விருத்தாசலம் கோயிலில் பழமலைநாதரோடு இருப்பவளும் பெரியநாயகிதானே. அதைக் கேட்டுச் சந்தோஷப்படாமல் வெட்கப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். படித்த பிள்ளைகளுக்கு இப்போது இது ஒரு நோயாகவே இருக்கிறது.

உங்கள் கேள்வியும் புதிதில்லை. 1703இல் போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய தூர்னோன் இதையேதான் கேட்டார், அடுத்த வருஷம் அங்கிருந்தே ஓர் ஆணையும் போட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, நெற்றியில் திருநீறு கூடாது. இந்தப் பட்டியலை எல்லாரும் சொல்வார்கள். அதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது, அதை யாரும் வாயே திறப்பதில்லை. நோயில் கிடக்கிற பறையரின் குடிசைக்குள்ளும் குருவானவர் நேரில் போய் தேவதிரவிய அனுமானங்களை, அதாவது நற்கருணை போன்ற அருட்சாதனங்களை, கொடுக்க வேண்டும் என்பது அது. அப்படிப் போனால் மேல்சாதிக்காரர்கள் கோயில் பக்கமே வரமாட்டார்கள் என்று இங்கே மதம் பரப்பிக்கொண்டிருந்த சேசு சபைச் சாமியார்கள் மன்றாடினார்கள். இழுத்து இழுத்து 1744இல் ரோம் ஒப்புக்கொண்ட வழி என்ன தெரியுமா? பறையருக்கென்று தனிச் சாமியார்கள். பொட்டுக்கும் திருநீற்றுக்கும் அத்தனை சண்டை போட்டவர்கள் இதற்கு இப்படி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மறு வருஷமே புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதி பிரித்து எழுப்பியிருந்த சுவரை, பறையர் மக்கள் பெரிய சாமியாரிடம் திரண்டு போய் முறையிட்டு இடிக்க வைத்தார்கள். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப்பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் ஊரைச் சொல்கிறேன். நான் ஊர்த்தெருக்காரி. பேண்டு செட்டும் வாணவேடிக்கையுமாகத் தேர் ஊர்த்தெருக்களைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வரும், அங்கேயே திரும்பிவிடும். தொட்டிக்கு அந்தப் பக்கம் காலனி. என்னோடு படித்த ஒருத்தியின் அம்மா, செய்தித்தாளில் மடித்த உப்பையும் மிளகையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் திருப்பத்தில் சாயங்காலத்திலிருந்தே நிற்பார். தேர் திரும்புகிற நேரம் பார்த்து எட்டி வீசுவார். உப்பு சக்கரம் வரைக்கும்கூடப் போகாது, ரோட்டில் சிதறும். எங்கள் தெருவில் நாங்கள் தேர்த்தட்டிலேயே கையை வைத்துப் போடுவோம்.

ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டால் கரண்டுக் கம்பி தாழ்வாக இருக்கிறது என்றார்கள். கம்பியைத் தூக்கிக் கட்டியாயிற்று, அப்புறம் பாதை குறுகல் என்றார்கள். சிமெண்ட் ரோடும் வந்துவிட்டது, இப்போது நேரமாகிவிடுகிறதாம். வெட்டுக் காலத்தில் அந்தத் தெரு வழியாகத்தான் கரும்பு டிராக்டர் ஆலைக்குப் போகிறது, தேரைவிட உயரமாக ஏற்றிக்கொண்டு! திருவிழா வரி கொடுக்கக் காலனிக்காரர்கள் வந்தாலும் வாங்க மாட்டார்கள். வாங்கினால் தேரை அனுப்ப வேண்டிவரும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏதோ ஒரு ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு, அதாவது தங்களுக்கென்று தனிக் கோயிலும் சாமியாரும், கேட்டது கலவரமாகி, போலீஸ் சுட்டு இரண்டு உயிர் போனது. சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதும் அங்கே ஒரு சண்டை. எல்லாம் நம் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள்தான்.

அதனால் புடவையையும் மொட்டையையும் விடுங்கள் தம்பி. அவை யாரையும் வெளியே நிறுத்தவில்லை. மே மாதம் கொடியேறுவதற்கு முன்னால் உங்கள் ஊரில் கூட்டம் போடுவார்கள், போய் உட்காருங்கள். தேர்ப் பாதை எது என்று கேளுங்கள். யார் வீட்டில் வரி வாங்கவில்லை என்று கேளுங்கள். கத்துவார்கள், "நேற்றுப் பையன் நீ" என்பார்கள், எழுந்து வந்துவிடாதீர்கள். என்ன பதில் வந்தது என்று கட்டாயம் எனக்கு எழுதுங்கள்.

அந்த நண்பனையும் திருவிழாவுக்குக் கூட்டிப் போங்கள். அவன் ஊர் அம்மன் தேர் எந்த இடத்தில் திரும்புகிறது என்று அவனையும் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா