உப்புநீர் எந்தக் கணக்கு?

அன்புள்ள ஐயா,

போன மாதம் மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். பேட்டரிக்கான லித்தியத்துக்காகத் தென் அமெரிக்காவில் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. ஆனால் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட்ட பிறகுதானே அனுமதி தருகிறார்கள்? அந்த மதிப்பீட்டை நம்பலாமா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

ஸ்கூட்டரை ஓட்டுங்கள். பெட்ரோலுக்குத் திரும்பினால் இது தீர்ந்துவிடாது. நம்பலாமா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

சிலியின் அட்டகாமா உப்புப் படுகையில் பாறையை வெட்டுவதில்லை. அடியில் கிடக்கும் உப்புநீரை பம்ப் வைத்து இறைத்து, உப்பளம் மாதிரி பெரிய பாத்திகளில் விட்டு, ஒரு வருடத்துக்கும் மேல் வெயிலில் காயவைக்கிறார்கள். மிஞ்சும் கெட்டிக் கரைசலிலிருந்துதான் லித்தியம். ஒரு டன் லித்தியம் கார்பனேட்டுக்கு லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு போகிறது. அதுவும் மழையே அபூர்வமான பாலைவனத்தில்.

சிலியில் நன்னீருக்கு 1981ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் இருக்கிறது. உப்புநீர் அதில் வராது, அது கனிமக் கணக்கு. 'நாங்கள் செலவழிக்கும் தண்ணீர் கொஞ்சம்தான்' என்று ஒரு நிறுவனம் எழுதினால் சட்டப்படி அது சரி. ஆவியாகிப் போனது அந்த வரியிலேயே இருக்காது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மலையிலிருந்து இறங்கும் நன்னீர் படுகையின் ஓரத்தில் உப்புநீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, ஒன்றை இறைத்தால் மற்றதையும் பாதிக்கலாம். பூநாரைகள் மேயும் குளங்கள் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. அங்கே இரண்டு பூநாரை இனங்கள் 11 வருடங்களில் 10 முதல் 12 சதவீதம் குறைந்ததாக 2022இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

அப்புறம், ஒரே படுகையில் எஸ்க்யூஎம், ஆல்பமார்ல் என்று இரண்டு லித்தியம் நிறுவனங்கள். தெற்கே எஸ்கொண்டிடா தாமிரச் சுரங்கம் 2019 வரை நன்னீர் எடுத்து வந்தது. ஒவ்வொருவருக்கும் தனி அறிக்கை. படுகைக்கு எல்லாம் ஒரே செலவு.

மக்கள் விஷயம் இதைவிடச் சிக்கலானது. பழங்குடிகளிடம் கலந்து பேச வேண்டும் என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) 169ஆவது உடன்படிக்கையைச் சிலி 2008இல் ஏற்றது. 2016இல் ஆல்பமார்ல் தன் விற்பனையில் 3.5 சதவீதத்தை அட்டகாமா பழங்குடி மக்களின் கவுன்சிலுக்குத் தர ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் ஊர்களுக்குத் தேவைதான், வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணம் வந்த பிறகு ஊருக்கும் ஊருக்கும் நடுவே என்ன ஆகிறது, எதிர்த்துப் பேசுகிறவர் நிலைமை என்ன என்பதையும் சமூகப் பாதிப்பு என்றுதான் நான் எண்ணுவேன்.

அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. அனுமதித்த அளவுக்கு மேல் உப்புநீர் எடுத்ததாக எஸ்க்யூஎம் மீது அரசு நடவடிக்கை எடுத்தபோது, அந்த நிறுவனம் கொடுத்த திருத்தத் திட்டத்தை அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஊர்கள் வழக்குப் போட்டன. 2019 டிசம்பரில் அன்டோஃபகஸ்டா சுற்றுச்சூழல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. கவுன்சில் இப்போது தனக்கென ஒரு சுற்றுச்சூழல் பிரிவு வைத்து, குளங்களையும் நீர்மட்டத்தையும் தானே அளக்கிறது. நம்பலாமா என்றால், அவர்கள் எழுதிவைக்கும் அளவும் நிறுவனத்தின் அளவும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்ட மதிப்பீட்டை நான் நம்புவேன்.