புயல் எச்சரிக்கை வந்தால் பட்டறையை மூடியே ஆக வேண்டுமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 34 பேர் வேலை செய்யும் லேத் பட்டறை நடத்துகிறேன். போன புயலின்போது அரசு பொது விடுமுறை விட்டும், ஆர்டர் நெருக்கடியால் பட்டறையைத் திறந்து வைத்தேன். எட்டுப் பேர்தான் வந்தார்கள். 11 மணிக்குக் கரண்ட் போனதும் அவர்களையும் அனுப்பிவிட்டேன். வராத 26 பேருக்கு இரண்டு நாள் சம்பளமும், வந்தவர்களுக்கு அரை நாள் சம்பளமும் பிடித்தேன். இப்போது பட்டறையில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வடமாநிலத்துப் பையன்கள் ஆறு பேர் பின்பக்க ஷெட்டிலேயே தங்கியிருக்கிறார்கள். அடுத்த புயலுக்கு நான் மூடித்தான் ஆக வேண்டுமா? மூடினால் சம்பளம் தர வேண்டுமா? வேலைக்கு வரும் வழியில் அடிபட்டால் நான் பொறுப்பா?

பதில்: அரசு அறிவிக்கும் பொது விடுமுறை பெரும்பாலும் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் வருவது. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் மூடும். தனியார் பட்டறையை அது தானாகக் கட்டுப்படுத்தாது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்காகச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை விட்டபோதும், தனியார் நிறுவனங்களிடம் கூடியவரை ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லுமாறு அரசு கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். லேத்தை வீட்டிலிருந்து ஓட்ட முடியாது என்பதால், உங்களைப் போன்றவர்களின் நிலை அதில் தெளிவாகாமலே நின்றுவிட்டது.

ஆனால் மாவட்ட ஆட்சியர் 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உத்தரவே போட்டால் கதை வேறு. போக்குவரத்தையும் ஆள் நடமாட்டத்தையும் தடுக்க 34-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. அதை மீறினால் 51-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டுமே. மீறியதால் உயிர் போனாலோ உயிருக்கு ஆபத்து வந்தாலோ இரண்டாண்டு வரை. எனவே டிவியில் ஓடும் வரியை நம்பாமல் உத்தரவின் நகலை வாங்கிப் படியுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த நேரம் வரை என்பது அதில் இருக்கும். பள்ளி, கல்லூரிக்கு விடும் விடுமுறை உங்களுக்குப் பொருந்தாது.

உத்தரவு எதுவும் வராவிட்டாலும் உங்கள் பொறுப்பு போய்விடாது. பணியிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று முன்பு தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 6-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி உங்களிடமும் அரசின் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் முறையிட 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. மிக்ஜாமின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. மறுபடியும் அப்படி நடந்தால் ‘எதிர்பார்க்கவில்லை’ என்ற வாதம் எந்த ஆய்வாளரிடமும் எடுபடாது. நுங்கம்பாக்கம் வானிலை மையம் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், அதாவது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை வரலாம் என்றால், மூடிவிடுங்கள். சட்டப்படியும் மனசாட்சிப்படியும் என் கருத்து அதுதான்.

இனி சம்பளம். கேட்டை நீங்களே பூட்டினால், தொழிலாளி வேலைக்கு வரவில்லை என்று ஆகாது. வராததற்கான பிடித்தத்தை அங்கே செய்ய முடியாது. இயற்கைச் சீற்றத்தால் வேலை கொடுக்க முடியாமல் போவதை லே-ஆஃப் என்பார்கள். அதற்குப் பாதிச் சம்பளம் தரும் ஏற்பாடு 50 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள தொழிற்சாலைகளுக்குத்தான். 34 பேர்தானே, ஒன்றுமே தர வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பணி ஒப்பந்தமோ நிலையாணையோ (நிறுவனத்தின் எழுதப்பட்ட வேலை விதிகள்) லே-ஆஃப் உரிமை தராவிட்டால், சம்பளம் இல்லாமல் ஆளைத் திருப்பி அனுப்ப முதலாளிக்கு அதிகாரமில்லை என்பது 1976-இல் ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. முழுச் சம்பளம் கொடுத்துவிட்டு, அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கிக்கொள்வது நல்ல வழி. வாரத்துக்கு ஆறு நாள், 48 மணி நேரம் தாண்டாதவரை இரட்டிப்பு ஓவர்டைம் வராது. இதற்குத் தொழிலாளர்களின் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

நீங்கள் திறந்து வைத்து, ஆள் வராவிட்டால் வராத நேரத்துக்குரிய சம்பளத்தை மட்டும் பிடிக்கலாம். ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்தது சட்டவிரோதம். பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி, முன்னறிவிப்பும் இல்லாமல் வராமல் இருந்தால் எட்டு நாள் வரை பிடிக்கலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அந்த விதிக்கு ‘தக்க காரணமில்லாமல்’ என்ற நிபந்தனை உண்டு. ஒப்பந்தத்திலும் அதற்கு இடம் இருக்க வேண்டும். புயல் தக்க காரணம் இல்லையென்றால் வேறு எது? வந்த எட்டுப் பேருக்கு அரை நாள் பிடித்தது அதைவிட மோசம். அந்த மழையில் வந்து நின்றவர்கள் அவர்கள்.

வரும் வழியில் விபத்து நடந்தால், வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் தொடர்பு இருக்கும்வரை அது பணிக்கால விபத்துதான். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இது இருக்கிறது. 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களை இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும், நீங்கள் சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருந்தால். அதற்கு மேல் வாங்கும் ஃபோர்மேனுக்கோ ஃபிட்டருக்கோ இழப்பீடு உங்கள் கையிலிருந்துதான். 15,000 ரூபாயை மாதச் சம்பளமாகக் கணக்கிட்டாலே, 30 வயதில் இறந்தவருக்கு 15,59,850 ரூபாய் வரும். தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இல்லையென்றால் இந்த வாரமே எடுங்கள்.

ஷெட்டில் தங்கியிருக்கும் ஆறு பேரை முந்தின நாள் மாலையே வெளியேற்ற வேண்டும். தகரக் கூரை காற்றில் பிய்த்துக்கொண்டு போகும். பின்பக்கம் தண்ணீர் ஏறினால் இருட்டில் மெயின் சுவிட்சைத் தேடி ஈரத்தில் கை வைப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். அருகில் மாடியுள்ள இடம் இல்லையென்றால் மாநகராட்சியின் 1913-ஐ அழைத்து நிவாரண மையம் கேளுங்கள். ஆள் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர் என்பது உங்களைக் காப்பாற்றாது.

மூடும் முடிவை முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் எடுங்கள். காலை எட்டு மணிக்குச் சொன்னால் திருநின்றவூர்க்காரர் அதற்குள் ரயிலேறியிருப்பார். வாட்ஸ்அப்பில் தமிழிலும் இந்தியிலும் ஒரே செய்தி போதும்: “நாளை (தேதி) புயல் காரணமாகப் பட்டறை மூடப்படும். சம்பளம் பிடிக்கப்படாது. யாரும் வர வேண்டாம். மீண்டும் திறப்பது நாளை மாலை 6 மணிக்குள் தெரிவிக்கப்படும்.” அதையே அச்சிட்டு கேட்டில் ஒட்டி, படம் எடுத்து வையுங்கள்; பின்னால் வழக்கு வந்தால் அதுதான் சாட்சி. மெயினை அணைத்துப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுங்கள். தண்ணீர் புகுந்த மோட்டாரை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மெகர் (மின்கசிவு சோதிக்கும் கருவி) வைத்து இன்சுலேஷன் பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஓட்டாதீர்கள். வெயில் அடித்ததும் அவசரமாக சுவிட்ச் போடுவதில்தான் ஷாக் அடிக்கிறது.

போன முறை பிடித்ததில் 26 பேருக்குத் தலா ஒரு நாளும், வந்த எட்டுப் பேருக்கு அரை நாளும் இந்த மாதச் சம்பளத்திலேயே திருப்பிக் கொடுங்கள். சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். தவறான பிடித்தத்துக்கு எதிராக மூன்று ஆண்டுகள் வரை அவர்கள் மனுப் போடலாம். பிடித்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்லவும் மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.