ஒரே நாளில் இரண்டு சூரியோதயமா? பாலி போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன்

கேள்வி: ஜூலை இரண்டாவது வாரம் ஐந்து நாள் பாலி போகிறோம். கூட்டாவில் அறை. நான், கணவர், 14 வயது மகள், 66 வயது மாமியார். மாமியாருக்கு முட்டி வலி. “பாத்தூர் எரிமலை உச்சியில் சூரியோதயம், அப்படியே லெம்புயாங் கோயிலின் சொர்க்க வாசலிலும் சூரியோதயம், ஒரே நாளில் முடித்துவிடலாம், பெரியவரை ஜீப்பிலேயே உச்சிக்குக் கொண்டுபோய்விடுவோம்” என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? எங்கே நின்றால் சூரியோதயம் நன்றாகத் தெரியும்?

பதில்: முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். பாத்தூர் அடிவாரத்துக்கும் லெம்புயாங்குக்கும் இடையே மலைச்சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். சூரியன் ஒரு நாளில் ஒரு தடவைதான் உதிக்கும். உச்சியிலிருந்து இறங்கி, காரில் ஏறி, லெம்புயாங் போய்ச் சேரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். ஜீப் விஷயமும் பொய். பாத்தூர் உச்சி 1,717 மீட்டர். அங்கே எந்த ஜீப்பும் ஏறாது, கடைசிப் பகுதி சரளையும் பாறையுமான ஒற்றையடிப் பாதை. ஜீப் நிற்பது எரிமலையைச் சுற்றியுள்ள பெரும்பள்ளத்தின் (கால்டெரா) எதிர்ப்பக்க விளிம்பிலோ கீழ்ச்சரிவிலோ உள்ள ஒரு மேட்டில். அந்த மேட்டிலிருந்தும் காட்சி நன்றாகவே இருக்கும். ஆனால் அதை ‘உச்சி’ என்று சொல்லி விற்பது வியாபாரம் அல்ல, ஏமாற்று.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் திசையைப் பாருங்கள். சுற்றுலாக்காரர்கள் இடத்தின் பெயரை விற்கிறார்கள். அந்த இடம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. நீங்கள் தங்கும் கூட்டா, பக்கத்திலுள்ள செமினியாக், சங்கு, ஜிம்பரான் எல்லாமே மேற்கு பார்த்த கடற்கரைகள். அங்கே கடலில் சூரியன் மறையும், உதிக்காது. கடலோரக் கோயில்களான தானா லோட்டும் உலுவாத்துவும் அப்படித்தான்.

கிழக்கு பார்த்த இடம் என்றால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. சூரியன் ஆண்டு முழுக்க ஒரே புள்ளியில் உதிப்பதில்லை. பாலியில் ஜூன் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கும். நீங்கள் போகும் ஜூலை இரண்டாவது வாரத்தில் போன் திசைகாட்டியில் 68 டிகிரி என்று காட்டும் பக்கம் திரும்பி நில்லுங்கள். அந்தப் பக்கம் மலையோ மரமோ கட்டடமோ மறைக்கவில்லை என்றால் அது நல்ல இடம். முந்தின நாள் பகலிலேயே போய்ப் பார்த்துவிடலாம், காசு செலவில்லை.

நேரமும் மாறும். நவம்பரில் காலை 5:50 வாக்கில் உதிக்கும் சூரியன், ஜூலை நடுவில் 6:35 ஆகிவிடும். உச்சியில் நின்றால் அடிவானம் இன்னும் கீழே தெரிவதால் நாலைந்து நிமிடம் முன்னதாகவே தலைகாட்டும். வானத்தில் நிறம் ஏறுவது அதற்கு நாற்பது நிமிடம் முன்பு. அப்படியானால் ஜூலையில் 5:45-க்கு உச்சியில் இருந்தால் போதும். ஆனால் பல ஏஜென்டுகள் ஆண்டு முழுக்க ஒரே நேரத்துக்குத்தான் வண்டி அனுப்புகிறார்கள். 5 மணிக்கே மேலே ஏற்றிவிட்டு, வியர்வையில் நனைந்த சட்டையோடு ஒன்றரை மணி நேரம் குளிர்காற்றில் நிற்க வைக்கிறார்கள். உச்சியில் விடியலுக்கு முன் 10 முதல் 15 டிகிரி குளிர் சாதாரணம். சளி பிடித்துத் திரும்பி வருபவர்கள் எரிமலையைக் குறை சொல்கிறார்கள். குற்றம் நேரக் கணக்கில் இருக்கிறது.

உங்கள் கணவரும் மகளும் ஏறலாம். அடிவார ஊரான தோயா புங்கா பக்கமிருந்து ஏற்றம் ஏறக்குறைய 650 மீட்டர் உயரம், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். 3:45-க்குத் தொடங்கினால் சரியாக இருக்கும். கூட்டாவிலிருந்து அடிவாரத்துக்கு இரவில் இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் 1:30-க்குக் கிளம்ப வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். உடைந்த எரிமலைச் சரளை காலுக்கடியில் உருளும்; தேய்ந்த அடியுள்ள ஷூவோடு போனால் உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். நெற்றியில் கட்டும் டார்ச், காற்று புகாத ஜாக்கெட், மாற்றுச் சட்டை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சட்டையை உச்சி சேர்ந்த உடனே மாற்றிவிடுங்கள், குளிர ஆரம்பித்த பிறகு மாற்றிப் பயன் இல்லை.

விளம்பரப் படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலியிலேயே உயரமான ஆகுங் மலையின் தோளிலிருந்து சூரியன் எழும் படத்தைக் காட்டி ‘பாத்தூர் உச்சியிலிருந்து’ என்று போடுகிறார்கள். பாத்தூர் உச்சியில் நின்றால் ஆகுங் தென்கிழக்கே, சுமார் 127 டிகிரியில் இருக்கிறது. சூரியன் ஆண்டில் எந்த நாளும் அவ்வளவு தெற்கே போவதில்லை. டிசம்பரில் கொஞ்சம் நெருங்கும், ஆனால் அது மழைக்காலம். ஜூலையில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 டிகிரி இடைவெளி. சூரியன் இடப்பக்கம் வடகிழக்கு விளிம்பில் எழும். ஆகுங் வலப்பக்கம் அபாங் மலைக்குப் பின்னால் நிற்கும். ஆகுங்கின் தோளில் சூரியன் எழாது. அக்டோபர் நடுவிலோ பிப்ரவரி கடைசியிலோ போனால், தூரத்தில் லொம்போக் தீவின் ரிஞ்சானி இருக்கும் பக்கம் சூரியன் எழும். வானம் தெளிவாக இருந்தால் அது தனி அழகு.

இனி இடைத்தரகர்கள். பாத்தூரில் ஏறுவதற்கு உள்ளூர் வழிகாட்டிகள் சங்கம் இருக்கிறது. தனியாகப் போனால் அடிவாரத்திலேயே மறித்து வாக்குவாதம் செய்வார்கள். இருட்டில் நின்று சட்டம் பேசி ஜெயிக்க முடியாது, வழிகாட்டியோடு போவதுதான் புத்திசாலித்தனம். அவர்களுக்குப் போகும் கூலியில் எனக்கு வருத்தமில்லை, அது அவர்கள் ஊர், அவர்கள் மலை. வருத்தம் நடுவில் கை நீட்டுகிறவர்களிடம்தான். ஹோட்டல் மேசைக்காரர் ஒரு பங்கு, டிரைவர் ஒரு பங்கு, ஆன்லைன் ஏஜென்ட் ஒரு பங்கு என்று எடுத்தது போக, இரவில் உங்கள் குடும்பத்தைக் கைபிடித்து ஏற்றுகிறவருக்கு மிஞ்சுவது கொஞ்சம். எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரே கட்டணப் பலகை வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஏன் வைப்பதில்லை என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில்.

ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள்: எந்த அடிவாரத்திலிருந்து ஏற்றம், நிற்கும் இடத்தின் பெயரும் உயரமும் என்ன, நுழைவுச் சீட்டு, பார்க்கிங், வழிகாட்டிக் கூலி மூன்றும் சேர்ந்த தொகையா, வழியில் எங்கெல்லாம் நிறுத்துவீர்கள். கடைசிக் கேள்வி முக்கியம். இறங்கி வரும்போது ‘காபித் தோட்டம்’ என்று புனுகுப்பூனைக் காபி விற்கும் இடத்திலும் வெள்ளி நகைக் கடையிலும் வண்டி தானாக நிற்கும். நீங்கள் வாங்கும் பொருளில் டிரைவருக்குக் கமிஷன் உண்டு. வேண்டாம் என்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

பாதி வழியில் மூச்சு வாங்கும்போது மோட்டார் பைக்கோடு ஒருவர் வந்து நிற்பார், மேலே கொண்டுபோய் விடுகிறேன் என்பார். இருட்டில், சரளைச் சரிவில், பேரம் பேசாத விலையில். மகளை அதில் ஏற்றாதீர்கள். அதேபோல ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து, பாத்தூர் இருக்கும் மலைப்பகுதியான கிந்தாமணிக்கு நாமே போய்விடலாம் என்ற யோசனையும் வேண்டாம். அந்தச் சாலையில் மணல் லாரிகள் ஓடும், பனி இறங்கும். இன்டர்நேஷனல் லைசென்ஸ் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும்.

மாமியாருக்கு மலையும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம். ஜீப் பழைய திறந்த வண்டி. எரிமலைக்குழம்பு உறைந்த கரடுமுரடான தரையில் குதித்துக் குதித்துப் போகும். முட்டி தாங்கினாலும் இடுப்பு தாங்காது. அவருக்குச் சரியான இடம் பெனலோகான். கால்டெராவின் தெற்கு விளிம்பில், கார் நிற்கும் தார்ச்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. சூரியன் பள்ளத்துக்குள் இருக்கும் பாத்தூர் ஏரிக்கு அப்பாலுள்ள விளிம்புக்கு மேலே வர வேண்டும் என்பதால் உச்சியைவிடச் சில நிமிடம் தாமதமாகத் தெரியும். ஆனால் இடப்பக்கம் பாத்தூர், கீழே ஏரி, வலப்பக்கம் அபாங் என்று முழுக்காட்சியும் கிடைக்கும். முந்தின இரவு கிந்தாமணியிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். கணவரும் மகளும் 3 மணிக்கு எழுந்து போகட்டும். நீங்களும் மாமியாரும் 5:45-க்கு விளிம்புக்கு வந்தால் போதும். கூட்டாவிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் தொல்லை யாருக்கும் இல்லை.

இன்னொரு நாள் சானூர் போங்கள். கூட்டாவிலிருந்து விடிகாலையில் அரை மணி நேரம். கிழக்கு பார்த்த கடற்கரை, கல் பாவிய நடைபாதை, உட்கார நிழற்குடில். சானூரின் வடகோடியில் நுசா பெனிடா தீவுக்குப் போகும் படகுத்துறை இருப்பதால் காலையிலேயே கூட்டமும் சத்தமும். அதைத் தவிர்த்துக் கொஞ்சம் தெற்கே, சிந்து கடற்கரைக்குப் போய்விடுங்கள். ஜூலையில் சூரியன் ஆகுங்குக்கும் பெனிடாவுக்கும் நடுவே கடலிலிருந்தே எழும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்களுக்குப் பெனிடா தீவு குறுக்கே வந்து சில நிமிடம் மறைக்கலாம்.

இப்போது லெம்புயாங். அந்தக் கல்வாசல் மேற்கே ஆகுங்கைப் பார்த்து நிற்கிறது. கிழக்கே, உங்கள் முதுகுக்குப் பின்னால், குன்று. அங்கே சூரியோதயம் பார்க்கவே முடியாது. இன்ஸ்டாகிராம் படங்களில் வாசலுக்குக் கீழே தெரியும் ஏரியும் இல்லை. படம் எடுப்பவர் போன் கேமராவுக்கு அடியில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடிக்கிறார், அவ்வளவுதான். சீட்டு வாங்கி, எண் கொடுக்கும் வரை உட்கார்ந்து, மணிக்கணக்கில் காத்திருந்து இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வரலாம். உங்கள் ஏஜென்ட் கொண்டுபோய்ச் சேர்க்கும் பதினொரு மணிக்கு ஆகுங்கின் தலையில் பெரும்பாலும் மேகம் ஏறியிருக்கும். வாசலும் இருக்காது, சொர்க்கமும் இருக்காது, வரிசை மட்டும் இருக்கும்.

ஆனால் மேற்கு பார்த்த இடம் எல்லாமே வீண் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். மேற்கே உயரமான மலை நின்றால், சூரியனைப் பார்க்காமல் சூரிய வெளிச்சம் அந்த மலைமேல் இறங்குவதைப் பார்க்கலாம். ஆகுங் 3,000 மீட்டருக்கு மேல். கடற்கரையில் சூரியன் உதிப்பதற்கு ஆறு நிமிடம் முன்பே அதன் உச்சியில் வெளிச்சம் விழுந்துவிடும். முதலில் செம்பருத்தி நிறத்தில் நுனி மட்டும். பிறகு நிமிடத்துக்கு நிமிடம் கீழே இறங்கும். பத்து நிமிடத்தில் நிறம் வெளுத்து மஞ்சளாகிவிடும். ஆகவே 6:35 சூரியோதயம் என்றால் 6:20-க்கே மேற்கே திரும்பி நிற்க வேண்டும். 6:35-க்கு வந்தவர்கள் பாதியைத் தவறவிட்டவர்கள். இதற்கு மேகமில்லாத ஆகுங் வேண்டும், கீழ்வானில் கடலுக்கு மேலே மேகக்கரை இல்லாமலும் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் நிறம் வராது. இதைப் பார்க்க லெம்புயாங்கைவிட நல்ல இடம் வடகிழக்குக் கடற்கரையில் ஆமெட்டின் ஜெமெலுக் வளைகுடா. அங்கே மேற்கே ஆகுங், மறுபக்கம் கடல். ஆனால் கூட்டாவிலிருந்து போக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஓர் இரவு தங்கினால்தான் பயன். ஐந்து நாளில் உங்களுக்கு அது கட்டாயம் இல்லை.

காகித வேலைக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் பாலிக்கு 150,000 ரூபியா வரி கட்ட வேண்டும். அரசின் ‘லவ் பாலி’ தளத்தில் மட்டும் கட்டுங்கள். அதைப் போலவே தோற்றம் கொண்ட தளங்கள் கூடுதலாகப் பிடுங்குகின்றன. இதுவும் விசாவும் வேறு வேறு. 2023-ல் பாலியின் 22 மலைகளிலும் ஏறத் தடை என்று ஆளுநர் அறிவித்தார். பாத்தூர் ஏற்றம் அதன் பிறகும் நடந்துகொண்டே இருக்கிறது. அறிவிப்புக்கும் நடப்புக்கும் நடுவில் பயணி மாட்டிக்கொள்வதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. எனவே கிளம்புவதற்கு முந்தின வாரம் இந்தோனேசிய அரசின் எரிமலைத் தகவல் தளமான ‘மாக்மா இந்தோனேசியா’வில் பாத்தூரின் எச்சரிக்கை நிலையை நீங்களே பாருங்கள். முதல் நிலை நார்மல், அப்போது ஏறலாம். இரண்டாம் நிலையான வாஸ்பாடா என்று போட்டிருந்தால், எத்தனை கிலோமீட்டர் நெருங்கக் கூடாது என்பதும் சேர்த்து எழுதியிருக்கும். ஏஜென்ட் ‘ஒன்றும் ஆகாது’ என்றாலும் அதைத் தாண்டாதீர்கள்.

ஜூலை வறண்ட காலம்தான், ஆனாலும் பாத்தூர் உச்சி மூடுபனிக்குள் போகாது என்று யாரும் உறுதி தர முடியாது. கிந்தாமணி இரவை இரண்டாம் நாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை 3 மணிக்கு வெளியே வந்து பார்த்து, பாத்தூரின் வரைகோடு இருட்டிலும் தெரிந்தால் கிளம்பலாம். நட்சத்திரமும் இல்லை, மலையும் இல்லை என்றால் வழிகாட்டியிடம் தேதி மாற்றக் கேளுங்கள். அப்போது நான்காம் நாள் கையில் இருக்கும். சானூரை ஐந்தாம் நாளுக்கு நகர்த்திக்கொள்ளலாம்.