கேள்வி – பதில்: தெரபிஸ்டுக்கு யார் துணை?

கேள்வி: அமெரிக்காவில் மனநலத் தெரபிஸ்டாக இருக்கிறேன். எங்கள் கிளினிக்கில் வெள்ளையரல்லாத பெண் நான் ஒருத்திதான். "உங்கள் உச்சரிப்பு புரியவில்லை, வேறு ஆள் இருக்கிறார்களா?" என்று ஒரு க்ளையன்ட் கேட்டதைச் சொன்னால், "பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்கிறார் சூப்பர்வைசர். வேறு மாநிலங்களில் இருக்கும் கறுப்பின, லத்தீன், தெற்காசியத் தோழிகளோடு சேர்ந்து ஐந்து பேராகக் குழு தொடங்க ஆசை. எப்படி நடத்துவது?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ஐந்து பேர் போதும். மூன்று பேர் என்றால் ஒருவர் வராத நாளில் கூட்டம் படுத்துவிடும். எட்டைத் தாண்டினால் பேசாமலே இருப்பவர்கள் உருவாகிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 90 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் கெடுவது ஆறுதலையும் கேஸ் ஆலோசனையையும் கலப்பதால்தான். ஒருத்தி மனம் நொந்து பேச ஆரம்பிப்பாள், மற்றவர்கள் "இது டிரான்ஸ்ஃபரன்ஸாக (க்ளையன்ட் தன் பழைய உறவுகளின் உணர்வைத் தெரபிஸ்ட் மேல் ஏற்றுவது) இருக்குமோ?" என்று ஆராயத் தொடங்குவார்கள். அவளுடைய வலி கேட்கப்படாமலே போகும். உங்கள் சூப்பர்வைசர் செய்ததும் ஏறக்குறைய இதுதானே! அதனால் முதல் 35 நிமிடம் உங்களுக்கு, அடுத்த 45 நிமிடம் கேஸுக்கு, மீதி அடுத்த கூட்டத்தைத் திட்டமிட. பேசுபவர் தொடங்கும்போதே "கேட்டால் போதும்" அல்லது "வழி சொல்லுங்கள்" என்று அறிவித்துவிட வேண்டும்.

உச்சரிப்பு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அது உங்களுக்கு வலித்தது முதல் பகுதி. க்ளையன்டிடம் என்ன பதில் சொல்வது, குறிப்பில் எப்படி எழுதுவது என்பது இரண்டாம் பகுதி. "க்ளையன்ட் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதாதீர்கள். அவர் சொன்ன வார்த்தைகளையும் உங்கள் பதிலையும் அப்படியே எழுதுங்கள். பின்னால் அவரை வேறு தெரபிஸ்டிடம் மாற்றிவிடும் பேச்சு வந்தால் கைகொடுக்கும்.

கூட்டத்தை நடத்தும் பொறுப்பு சுழற்சியில் வரட்டும். இல்லாவிட்டால் அனுபவத்தில் மூத்தவர் சம்பளமில்லாத சூப்பர்வைசராகிவிடுவார்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. வெள்ளையரல்லாதவர் என்பதால் எல்லோருக்கும் ஒரே அனுபவம் அல்ல. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் இனமும் பாலினமும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பற்றி எழுதியபோது முன்வைத்தது கறுப்பினப் பெண்களின் வழக்குகளை. கறுப்பினத் தோழி ஒன்றைச் சொல்லும்போது "எங்களுக்கும் அப்படித்தான்" என்று குறுக்கே விழாதீர்கள். நம்மவர்களின் நிறப் பாகுபாடும் அந்தக் கூட்டத்தில் ஒருநாள் பேச்சுக்கு வரும். அதைக் கேட்கத் தயாராகப் போங்கள்.

கேள்வி: பெயர் சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் க்ளையன்ட் பற்றிப் பேசலாமா?

பதில்: கூடாது. ஹிப்பா என்பது நோயாளி தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டம். தகவலிலிருந்து ஆளின் அடையாளத்தை அகற்ற அதன் விதியில் உள்ள 'சேஃப் ஹார்பர்' முறையில் நீக்க வேண்டிய அடையாளங்கள் 18. பெயர் அவற்றில் ஒன்று மட்டுமே. மாநிலத்தைவிடச் சிறிய ஊர்ப் பெயர், வருடம் தவிர்த்த தேதிகள், 89-க்கு மேற்பட்ட வயது எல்லாம் அதில் அடக்கம். பதினெட்டையும் நீக்கினாலும், மிச்சத் தகவலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் அது செல்லாது. நம் சமூகத்தில் இதுதான் பெரிய வலை: "விவாகரத்தான தமிழ்ப் பெண், இதய மருத்துவர், இரட்டைக் குழந்தைகள்" என்றால் தமிழ்ச் சங்கத்தில் பாதிப்பேருக்கு ஆள் தெரிந்துவிடும். தொழிலையும் குடும்ப அமைப்பையும் விட்டுவிட்டு, உங்களுக்கு எங்கே தடுமாற்றம் என்பதை மட்டும் சொல்லுங்கள். அதையும், தகவலை ஹிப்பாபடி காப்பதாக ஒப்பந்தம் போட்ட நிறுவனத்தின் வீடியோ கணக்கில், பதிவு செய்யாமல். வாட்ஸ்அப்பில் கூட்ட நேரம் மட்டும் பேசலாம்.

கேள்வி: இந்தக் குழுவில் செலவிடும் நேரம் லைசென்ஸுக்கான சூப்பர்விஷன் (மேற்பார்வை) மணிகளில் சேருமா?

பதில்: சேராது. சக தெரபிஸ்டுகள் யோசனை சொல்லலாம், பொறுப்பு உங்களுடையதே. ஆபத்தான கேஸ்களில் மாநிலச் சட்டமும் மாறும். க்ளையன்ட் இன்னாரைத் தாக்குவேன் என்றால், அந்த நபரைக் காக்க நடவடிக்கை எடுக்கும் கடமை கலிபோர்னியாவில் 1976-இன் டாராசாஃப் தீர்ப்பிலிருந்து உண்டு. டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம் 1999-இல் அப்படி எச்சரிக்கும் கடமையை ஏற்க மறுத்தது. அங்கே மருத்துவருக்கோ காவல்துறைக்கோ சொல்ல அனுமதி மட்டுமே. எனவே அன்றைக்கே உங்கள் மாநில லைசென்ஸ் போர்டின் விதியைப் பாருங்கள், கிளினிக் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். அடுத்த குழுக் கூட்டம்வரை காத்திருக்காதீர்கள்.