அந்தப் பால் பணம் யாருடைய கூலி?

கேள்வி: அம்மா, வணக்கம். நான் அந்தியூர் பக்கம். கோவையில் பி.எஸ்ஸி. (ஹானர்ஸ்) வேளாண்மை கடைசி வருஷம் படிக்கிறேன். எம்.எஸ்ஸி.க்கு வேளாண் பொருளாதாரம் எடுக்க ஆசை. அப்பாவோ, "மஞ்சள் விலை ஏறுறதும் இறங்கறதும் படிச்சா தெரிஞ்சுக்கோணும்? பேசாம பேங்க் பரீட்சை எழுது" என்கிறார். உழவியல், பயிர்ப் பெருக்கம் எடுத்தால்தான் மரியாதை, எகனாமிக்ஸ் எல்லாம் வேறு எதுவும் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எனக்குக் கணக்கும் புள்ளியியலும் நன்றாக வரும். எம்.எஸ்ஸி.யில் சேர ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பணத்துக்குப் பெரிய சிரமம் இல்லை. அக்கா பிளஸ் டூவுக்கு அப்புறம் வீட்டில்தான் இருக்கிறாள், இரண்டு மாட்டையும் அவளே பார்த்துக்கொள்வதால் தீவனச் செலவு போக மாதம் 4,500 ரூபாய் நிற்கிறது, அது என் மெஸ் பில்லுக்குச் சரியாகப் போய்விடுகிறது. அப்பா பேச்சை மீறி இன்னும் இரண்டு வருஷம் படிப்பது தப்பா?

பதில்: தம்பி, வருஷாவருஷம் படிப்பு முடிகிற சமயத்தில் இந்தக் கடிதம் எனக்கு வந்துவிடும். பாடம் மாறும், ஊர் மாறும், அப்பா சொல்கிற பேங்க் பரீட்சை மட்டும் மாறாது. அதனால் நீ கேட்டதற்கு உள்ள பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசை இருக்கிறது, கணக்கும் வருகிறது என்றால் சேர். விவசாயத்துக்கும் கிராமங்களுக்குமான நபார்டு வங்கி இருக்கிறது, வேளாண் விஞ்ஞானிப் பணித் தேர்வில் இந்தப் பாடத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, முடித்த பிறகும் பேங்க் பரீட்சை எழுதலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. அப்பாவிடம் ஒன்று மட்டும் சொல். நெல்லுக்கு அரசாங்கம் ஒரு குறைந்தபட்ச ஆதரவு விலையாவது அறிவிக்கிறது, மஞ்சளுக்கு அதுவும் கிடையாது, ஈரோட்டு ஏலத்தில் அன்றைக்கு என்ன விலை விழுகிறதோ அதுதான். அப்படிப்பட்ட பயிரை வைத்திருக்கிற வீட்டில் விலையைப் படித்தவன் ஒருவன் இருப்பது வீண் செலவு ஆகாது. உன் பல்கலைக்கழகத்திலேயே விலை முன்னறிவிப்பு சொல்ல ஒரு பிரிவு இருக்கிறதே, மஞ்சளுக்கும் சொல்கிறார்கள், அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டு. நண்பர்கள் கேலிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, உனக்கு 21, 22 வயது ஆகிறது.

இனி, நான் திரும்பத் திரும்பப் படித்த வரிக்கு வருகிறேன். "அக்கா பிளஸ் டூவுக்கு அப்புறம் வீட்டில்தான் இருக்கிறாள்." கடிதம் முழுக்க உன் மதிப்பெண், உன் தேர்வு, உன் நண்பர்கள், உன் அப்பா. அக்காவுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் பணத்துக்குக் கவலை இல்லை என்று எனக்குத் தைரியம் சொல்வதற்காக. அவள் ஏன் பிளஸ் டூவோடு நின்றாள் என்று எழுதவில்லை. என்ன மார்க் வாங்கினாள் என்று எழுதவில்லை. அவளுக்கு என்ன படிக்க ஆசை இருந்தது என்று உனக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கணக்கு வரும் என்றாயே, போட்டுப் பார்ப்போம். இரண்டு கறவை மாடு. விடிவதற்கு முன் எழுந்து சாணி அள்ளி, கட்டுத்தறி கூட்டி, மடி கழுவிக் கறந்து, வண்டி வருவதற்குள் கேனைத் தூக்கிக்கொண்டு போய் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வர வேண்டும். அப்புறம் தீவனத் தட்டு அறுக்க வேண்டும், தண்ணி காட்ட வேண்டும், சாயங்காலம் மறுபடி கறவை. ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொள்கிறேன், மாடு வைத்திருப்பவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாதம் 120 மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் என்றால் 15 ஆள். உங்கள் ஊரில் பெண் ஆளுக்கு என்ன கூலி என்று உனக்குத் தெரியும், நான் 350 ரூபாய் என்று வைக்கிறேன். 5,250 ரூபாய் வருகிறது. மாட்டில் நிற்பதாக நீ சொன்னது 4,500. அதாவது அந்த இரண்டு மாடும் உங்களுக்கு லாபம் எதுவும் தரவில்லை தம்பி. அந்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் மாதம் 750 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். நாலு வருஷமாக உன் மெஸ் பில் கட்டப்படுவது அக்காவுக்குக் கொடுக்காத கூலியில். பால் பணம் என்று நீங்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இது நான் கோபத்தில் கண்டுபிடித்த கணக்கு இல்லை, நீ சேர ஆசைப்படுகிற துறையின் அரிச்சுவடியே இதுதான். 1954-லிருந்து மூன்று வருஷம் மத்திய அரசு நாட்டின் சில மாவட்டங்களில் பண்ணைக் கணக்கு எடுத்தது. அன்றைய சென்னை மாநிலத்தில் தேர்ந்தெடுத்தது சேலத்தையும் கோயம்புத்தூரையும். ஈரோடு தனி மாவட்டமானது 1979-ல்தான், அதனால் அப்போது உங்கள் பக்கமெல்லாம் கோயம்புத்தூரில் சேர்த்தி. உன் தாத்தா தலைமுறைக்காரர்களிடம் எத்தனை ஆள், எத்தனை ஏர், எத்தனை வண்டி எரு என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். இந்த மாதிரிப் பண்ணைக் கணக்குகளை வைத்து 1962-ல் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டு ஆட்களின் உழைப்புக்கு ஊர்க் கூலியைப் போட்டுப் பார்த்தால் இந்திய விவசாயத்தில் பெரும்பகுதி கட்டுப்படியாகாததாகத் தெரிகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட முதல் விஷயம். கட்டுப்படியாகவில்லை, ஆனாலும் நடக்கிறது. ஏன் நடக்கிறது? வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை, அதனால் கூலி கிடைக்காத இடத்திலும் உழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதன் பிறகு வருஷக்கணக்கில் பெரிய பெரிய ஆட்கள் இதைப் பற்றி வாதாடினார்கள், நீ எம்.எஸ்ஸி.யில் படிப்பாய்.

அங்கே வகுப்பில் யாராவது ஒருவன் எழுந்து, "அவங்களுக்கு வேற வேலை இல்லையே, அதனால வாய்ப்புச் செலவு கம்மிதானே, முழுக் கூலி எதுக்குப் போடணும்?" என்று கேட்பான். வாய்ப்புச் செலவு என்றால், இந்த வேலையைச் செய்வதற்காக ஒருவர் விட்டுவிட்ட வேறு வேலையில் கிடைத்திருக்கக்கூடிய வருமானம். அந்த ஆள் நீயாக இருக்கக் கூடாது. உன் அக்காவுக்கு வேறு வேலை ஏன் இல்லை? வானத்திலிருந்து விழுந்த பஞ்சமா அது? பிளஸ் டூ முடித்த பெண்ணை வீட்டில் நிறுத்தினார்கள், அப்புறம் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து, அடுத்தவன் படிக்கப் போக வேண்டும் என்றபோது பணம் எப்படியோ புரண்டது. அந்த இடத்தில்தான் அவளுடைய வாய்ப்பு போனது. வாய்ப்பைப் பிடுங்கிவிட்டு, அது இல்லாததால் அவள் உழைப்புக்கு மதிப்பு கம்மி என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை, எந்த மாதிரிச் சமன்பாட்டில் எழுதிக் காட்டினாலும் படாது.

அரசாங்கமே எழுதுகிற கணக்கை உன் வீடு எழுத மறுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆதரவு விலையைப் பரிந்துரைக்கிற மத்திய அரசின் வேளாண் செலவு, விலை ஆணையம் சாகுபடிச் செலவை ஏ2, எஃப்.எல்., சி2 என்று பிரிப்பது உனக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். ஏ2 கையிலிருந்து போன செலவு. எஃப்.எல். வீட்டார் உழைப்புக்குப் போட்ட மதிப்பு. 2018-19 பட்ஜெட்டில் செலவைப் போல ஒன்றரை மடங்கு விலை என்று அறிவித்தார்களே, அது ஏ2-வோடு எஃப்.எல்.-ஐச் சேர்த்த செலவின் மேல்தான். சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் சேர்ந்த சி2 மேல் கொடு என்று விவசாய சங்கங்கள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கின்றன, நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அரசு ஒத்துக்கொண்ட சின்னக் கணக்கில்கூட வீட்டு உழைப்புக்கு ஒரு பத்தி உண்டு. அந்தக் கணக்குக்கான விவரங்களைத் தமிழ்நாட்டில் திரட்டுவதே நீ படிக்கிற பல்கலைக்கழகம்தான், 1970-71-ல் தொடங்கிய திட்டம். நாளைக்கு நீயே நோட்டும் கையுமாக யாரோ ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "உங்க சம்சாரம் நேத்து எத்தனை மணி நேரம் களை எடுத்தாங்க?" என்று கேட்கப் போகிறாய். அதற்கு முன் உன் வீட்டில் கேள்.

அந்த வேலைக்குப் போனால் இன்னொன்றும் பார்ப்பாய். தொழிலாளர் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு எண் போடுவார்கள். வீட்டு வேலை மட்டும் செய்கிறவருக்கு 92. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவருக்கு 21. தானே பொறுப்பெடுத்துத் தொழில் நடத்துகிறவருக்கு 11. உன் அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி "புள்ள ஊட்லதான் இருக்குதுங்க" என்று சொல்ல, வந்தவரும் அவசரத்தில் இருந்தால், விழுவது 92. விற்பதற்காகப் பால் கறக்கிற பெண் குறைந்தது 21. இரண்டு மாட்டையும் அவளே பார்க்கிறாள் என்று நீயே எழுதியிருப்பதைப் பார்த்தால் 11 போடக்கூட இடம் இருக்கிறது. அப்பா சொன்னதைத்தான் நீயும் எனக்கு எழுதியிருக்கிறாய், அதே வார்த்தையில். படித்தவன் எழுதினால் கொஞ்சம் வித்தியாசம் இருக்க வேண்டாமா?

அப்பாவுக்குச் செய்ய வேண்டிய கடமையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அப்பாவுக்குக் கடமை உண்டு, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உன் முதல் கடன் அக்காவுக்கு. குடும்பம் என்றால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதுதான், சரி, ஆனால் ஒரே ஆள் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பதும் மற்றவர்கள் அதைக் கவனிக்காமல் சாப்பிடுவதும் எனக்குத் தெரிந்த குடும்பம் இல்லை. அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் கடன் தீர்ந்தது என்று உங்கள் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், எனக்கு நன்றாகத் தெரியும். தீராது. நகை போடுவது கூலி கொடுத்ததாக ஆகாது. பூர்வீக நிலமாக இருந்தால் அதில் அவளுக்கும் உன்னளவு பங்கு உண்டு, தமிழ்நாடு இந்தச் சட்டத்தை 1989-லேயே கொண்டுவந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு என்று நாளைக்கு யாராவது அவளைக் கேட்டால், வேண்டாம் என்று முதலில் சொல்ல வேண்டியவன் நீ.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போ. அப்பா இல்லாத நேரத்தில், கட்டுத்தறியிலேயே ஆனாலும் சரி, அக்காவிடம் என்ன படிக்க ஆசைப்பட்டாள், இப்போது என்ன வேண்டும் என்று கேள். "எனக்கென்ன, நீ நல்லாப் படி சாமி" என்பாள், அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடாதே, மறுபடி கேள். படிக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இக்னோ இருக்கிறது, வீட்டில் இருந்தபடியே பட்டம் வாங்கலாம், விண்ணப்பத்தை நீ நிரப்பிக் கொடு. படிப்பு வேண்டாம், மாடுதான் வேண்டும் என்றால் அதுவும் நல்ல தொழில்தான், ஆனால் சொசைட்டி உறுப்பினர் அட்டை யார் பேரில் இருக்கிறது, பணம் யார் கணக்கில் ஏறுகிறது என்று பார். அப்பா பேரில்தான் இருக்கும். அதை அவள் பேருக்கு மாற்றச் சொல்லி அப்பாவிடம் பேச வேண்டியது உன் வேலை. பேங்க் பரீட்சைக்காக அவரோடு மல்லுக்கு நிற்கத் தயாராக இருக்கிறாயே, அந்தத் தைரியத்தில் பாதி இதற்குப் போதும்.

எம்.எஸ்ஸி.யில் இடத்தோடு உதவித்தொகையும் கிடைத்தால், முதல் மாதத்திலிருந்தே மெஸ் பில்லை நீ கட்டிக்கொள், 4,500 அவளிடமே நிற்கட்டும். உதவித்தொகை கிடைக்காவிட்டால் கல்விக் கடன் வாங்கு, உன் பேரில், நீ அடைக்கிற மாதிரி. லீவுக்குப் போகிற நாட்களில் விடிகாலைக் கறவை உன்னுடையது, கறக்கத் தெரியாது என்றால் கற்றுக்கொள், விவசாயப் பட்டப் படிப்புப் படித்தவனுக்கு அது அவமானம் இல்லை.

ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று யோசிக்கிற நாள் வரும்போதும் ரொம்ப தூரம் தேடிப் போகாதே. 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து விடுமுறையில் அவரவர் ஊரைக் கணக்கெடுத்துவரச் சொன்னார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி என்று அப்படி எழுதப்பட்ட ஊர்களைப் பிற்பாடு வந்த ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து எழுதினார்கள். அந்தியூர் பக்கம் மஞ்சள் காட்டில் களை எடுப்பதும், அறுவடையில் விரலி வேறு கிழங்கு வேறாக ஒடித்துப் பிரிப்பதும், வேகவைத்த மஞ்சளைக் களத்தில் கிளறிக் காயவைப்பதும் எத்தனை வீடுகளில் கூலியில்லாத கைகள், அவற்றுக்குக் கூலி போட்டால் ஒரு குவிண்டாலுக்கு உண்மையில் என்ன அடக்கம் என்று நீ எழுதினால் அதைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.

நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பார்த்து வைத்துக்கொள். அடுத்த கடிதத்தில் அக்கா என்ன சொன்னாள் என்பதை முதலில் எழுது, ராங்க் எல்லாம் அதற்கு அப்புறம் எழுதலாம்.