கொரியனில் 'வரட்டுமா?': வாசகர் கேள்விகள்

'அன்யொங்ஹி கஸெயோ', 'அன்யொங்ஹி கெஸெயோ' எனக்கு எப்போதும் குழம்புகிறது. எதை எங்கே சொல்வது?

யார் இடத்தைவிட்டு நகர்கிறார் என்று மட்டும் பாருங்கள். கிளம்புகிறவரிடம் சொல்வது கஸெயோ: 'நல்லபடியாப் போங்க'. அங்கேயே இருப்பவரிடம் சொல்வது கெஸெயோ: 'நல்லபடியா இருங்க'. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் நீங்கள் கடைக்காரரிடம் கெஸெயோ சொல்ல, அவர் உங்களிடம் கஸெயோ சொல்வார். வாசலில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தால் இருவருமே கஸெயோ. போனிலோ யாரும் எங்கும் போவதில்லை, அதனால் கெஸெயோ.

எழுத்தில் பெரிய வித்தியாசம் தெரியும், காதில் விழுவது 'க', 'கெ' மட்டும்தான். படிக்க ஆரம்பித்த புதிதில் ஒரு நூடுல்ஸ் கடை அம்மாவிடம் நான் பணிவாகக் குனிந்து 'கஸெயோ' என்றேன். அவர் கரண்டியும் கையுமாக வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அவருடைய கடையிலிருந்து அவரையே கிளப்பப் பார்த்திருக்கிறேன்!

நண்பர்களிடமும் இப்படித்தானா?

வேண்டாம், விறைப்பாக இருக்கும். 'ஜல் கா' (பார்த்துப் போ), 'ஜல் இஸ்ஸொ' (நல்லா இரு), அல்லது வெறும் 'அன்யொங்' போதும். வரும்போதும் அதே அன்யொங்தான். வயதில் மூத்தவரிடம் மட்டும் வாய் தவறிக்கூட இதைச் சொல்லாதீர்கள்.

நம்மூரில் 'போறேன்' என்றால் திட்டு விழும். அங்கே 'போய்ட்டு வரேன்' உண்டா?

அச்சு அசலாக உண்டு. வீட்டைவிட்டுக் கிளம்பும் பிள்ளை 'தன்யொ ஒகெஸ்ஸும்னிதா' என்று சொல்லும். அம்மா 'ஜல் தன்யொவா' (நல்லபடியாப் போய்ட்டு வா) என்பார். ஆனால் திரும்பி வரப்போகும் இடத்தில்தான் இது பொருந்தும். கடையிலும் விருந்துக்குப் போன வீட்டிலும் சொல்லக்கூடாது.

ஆபீஸில் மேலாளருக்கு முன்னால் கிளம்பினால்?

'மொன்ஜொ துரொககெஸ்ஸும்னிதா': நான் முன்னாடி கிளம்புகிறேன். லேசாகத் தலை குனிந்து சொல்லுங்கள். 'நெயில் பெப்கெஸ்ஸும்னிதா' (நாளைக்குப் பார்க்கிறேன்) என்றும் சேர்த்துக்கொள்ளலாம், அதில் பணிவு உள்ளேயே இருக்கிறது. 'சுகோஹஸெயோ' என்ற சொல் காதில் நிறைய விழும். சுகோ என்றால் பாடு, சிரமம். டாக்ஸி ஓட்டுநரிடமும் கடைக்காரரிடமும் தாராளமாகச் சொல்லலாம். மேலாளரிடம் சொன்னால் 'இன்னும் பாடுபடுங்க' என்கிற மாதிரி ஆகிவிடும். சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனாலும் புதிதாகச் சேர்ந்தவர் ஏன் சோதித்துப் பார்க்க வேண்டும்?

பிரியும்போது ஒரு கொரிய நண்பர் 'ஒருநாள் சாப்பிடலாம்' என்றார். மூன்று வாரமாகிறது, அழைப்பே இல்லை.

'பப் ஹன்பொன் மொக்ஜா'தானே? பல சமயம் அதுவும் ஒரு 'வரட்டுமா'தான். கோபப்படாதீர்கள், நீங்களும் சிரித்தபடி 'சரி' என்று சொல்லிவிட்டு நகருங்கள். 'வியாழக்கிழமை சாயங்காலம் சௌகரியப்படுமா?' என்று கேட்டால் மட்டும் பசியோடு போங்கள்.