மறு: பக்கத்து யார்டு நிலக்கரித் தூள், மாநகராட்சி கண்டுக்கல

முதுநகர்ல காயப்போட்ட துணியெல்லாம் கரியாகுது, அம்மாவுக்கு வீசிங்னு எழுதியிருந்தீங்க. மாநகராட்சியை மட்டும் நம்பாதீங்க சார். 1981 காற்று மாசுச் சட்டப்படி அந்த யார்டு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட இசைவாணை, அதாவது இயங்குறதுக்கான அனுமதி, வாங்கியிருக்கணும். முதல் வேலையா, தகவல் உரிமைச் சட்டத்துல அதோட நகலைக் கேளுங்க. தண்ணி தெளிக்கணும், தார்ப்பாய் மூடணும், குவியல் உயரம் இவ்வளவுதான்னு நிபந்தனை பெரும்பாலும் அதுலயே இருக்கும். எதை மீறுறாங்கன்னு குறிப்பிட்டு வாரியத்துக்கு எழுதினாதான் மனு நிக்கும். "ஒரே தூசி"ன்னு எழுதின என் முதல் மனு குப்பைக்குத்தான் போச்சு.

மதியம் கடல்காற்று ஏறினதும் லோடு இறக்குறதைத் தேதி, நேரத்தோட வீடியோ எடுங்க. காற்றை அளக்கச் சொல்லியும் கேளுங்க: பிஎம்10 (மூச்சுல உள்ள போற நுண்தூசி) வரம்பு, 24 மணி நேரச் சராசரி, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாள்லயும் ஒரு காப்பி கொடுத்து, ரசீதை வாங்கி வச்சுக்குங்க.